கதவுக்கு இந்தப்புறம்

மெர்சியா என்ற போர்க்கப்பல் கடலில் இருந்தது பதினோரு ஆண்டுகள். எதிரியைப் பார்த்துச் சுட்டது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம் இருக்கலாம். மற்ற நாளெல்லாம் கரி ஏற்றினார்கள், தளம் கழுவினார்கள், அரசர் பார்வையிட வரிசையில் நின்றார்கள், ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோ துறைமுகத்தின் சாம்பல்நிறத் தண்ணீரில் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தார்கள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒன்பதை ஜேபஸ் ஹாக்கிங் கப்பலின் அடிவயிற்றில் கழித்தான். ஒன்பதிலும் பயந்துகொண்டுதான் இருந்தான்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் அவன் வீட்டு ஆண்கள் எல்லோரும் வெள்ளீயச் சுரங்கத்துக்குப் போனவர்கள். மண்ணுக்குக் கீழே இறங்கப் பயந்துதான் இவன் கடற்படையில் சேர்ந்தான். கடற்படை அவனை நான்கு தளத்துக்குக் கீழே, கடல் மட்டத்துக்கும் கீழே, பின்பக்கப் பீரங்கிக் கோபுரத்தின் மருந்தறையில் கொண்டுபோய் நிறுத்தியது. சுற்றிலும் பட்டுப் பைகளில் கட்டிய வெடிமருந்து, கூரைவரை.

உள்ளே நுழையுமுன் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். தீக்குச்சி, சாவி, கத்தி எதுவும் கூடாது. காலில் கம்பளிச் செருப்பு. இவ்வளவு கண்டிப்பான இடத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் கண்டும் காணாமல் விட்டார்கள். மருந்துப் பையை வெளி அறைக்குக் கொடுத்த கையோடு இரும்புக் கதவை மூட வேண்டும் என்பது விதி. மூடித் திறந்தால் நேரம் போகும். வேகமாகச் சுடும் கோபுரத்துக்குத் தகரச் சேவல் ஒன்று பரிசு. அதை இரண்டு வருடமாக இவர்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் கதவு மூடாமலிருக்க அடியில் மரக்கட்டை. வெளியே எப்போதும் எட்டுப் பை அடுக்கித் தயார்.

வெளி அறையில் நால்வர். அவர்களில் பையை வாங்கி, மேலே பீரங்கிக்குப் போகும் தூக்குக்கூண்டில் ஏற்றுபவன் வில்ஃப் டான்சி. ஜேபஸ் குடிக்காதவன், அதனால் எல்லோருக்கும் 'பாதிரி'; கடற்படை கொடுக்கும் அவன் பங்கு ரம்மையும் சேர்த்துத் தினமும் டான்சிதான் குடித்தான்.

"என்ன பாதிரி, கதவையே மொறச்சுப் பாக்குற? கல்யாணம் கட்டிக்கப் போறியா?"

"நெருப்பு மேலேருந்து வந்துச்சுன்னா இதுதான் வழி, வில்ஃப்."

"வந்தா ஒரே நிமிஷம். ஜெபம்கூட வேணாம். உனக்கு வேலை மிச்சம்."

மருந்தறையின் மேலதிகாரி கைனஸ் சிரிக்கவில்லை. "கட்டைய எவன் தொட்டாலும் அவன் கையை ஒடிப்பேன். சேவல் இங்கதான் இருக்கணும்."

1916 மே மாதக் கடைசி நாள், மாலை ஆறு மணிவாக்கில், வட கடலில் அந்த நாற்பது நிமிடம் வந்தது. மருந்தறையில் இருப்பவர்களுக்குச் சண்டை என்பது சத்தம் மட்டும்தான். தங்கள் பீரங்கி சுட்டால் தரை உதறும். எதிரியின் குண்டு பக்கத்தில் விழுந்தால் கப்பலை யாரோ சம்மட்டியால் அடித்ததுபோல் இருக்கும். ஜேபஸ் பை தூக்கினான், கொடுத்தான், தூக்கினான்.

பிறகு ஓர் அடி, தலைக்கு நேர் மேலே. விளக்குகள் மங்கி, மறுபடி எரிந்தன. மேலிருந்து மருந்து கேட்டு யாரும் கத்தவில்லை. எரியும் வண்ணப்பூச்சின் நாற்றம் கூண்டு வழியாக இறங்கி வந்தது.

ஜேபஸ் வெளியே அடுக்கியிருந்த பைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தான்.

"என்னடா பண்ற?" என்றான் டான்சி. "இப்பக் கேப்பானுங்க!"

"உள்ள வா, வில்ஃப்."

"கூண்டை விட்டுட்டா? பைத்தியமா ஒனக்கு? இரு, மேல என்னன்னு பாக்குறேன்." டான்சி கூண்டுக்குள் தலையை நீட்டி மேலே பார்த்தான்.

ஜேபஸ் கட்டையைக் காலால் தட்டிவிட்டான். கதவை இழுத்து மூடித் தாழ்களைத் திருகினான். கைனஸ் அவன் காலரைப் பிடித்தான்.

"எவன்டா மூடச் சொன்னது? தொற!"

"மாட்டேன், ஐயா."

"தொறடா நாயே!"

அப்போது வெளியிலிருந்து தட்டல் கேட்டது. உள்ளங்கையால், அவசரமாக. "ஜேபஸ்! டேய், ஜேபஸ்!" கைனஸின் பிடி தளர்ந்தது. அவனுக்கும் இப்போது கதவைத் திறக்கத் தைரியம் இல்லை. ஜேபஸ் முதுகைக் கதவில் சாய்த்து நின்றான். ஒவ்வொரு தட்டலும் அவன் தோள்பட்டை எலும்பில் விழுந்தது. திரும்பித் தாழைத் திறக்க மூன்று நொடி போதும். அவன் எண்ணிக்கூடப் பார்த்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் முதலிலிருந்து. கை எழவில்லை.

தட்டல் நின்றது. ஒரு பெரும் காற்று கூண்டு வழியே இறங்கியதுபோல் உறுமல். முதுகில் சட்டை சுட்டது. கதவின் உள்பக்க வண்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

வெளி அறையில் மூவர் இறந்துபோனார்கள். கடைசி நொடியில் தரைத் திறப்பு வழியே கீழே பீரங்கிக் குண்டுகள் வைக்கும் அறைக்குள் குதித்த டான்சி மட்டும் பிழைத்தான். விசாரணையில் கைனஸ், கதவு விதிப்படி எப்போதும் மூடியே இருந்தது, மேலே அடி விழுந்ததும் ஜேபஸ் தாழும் போட்டான் என்று சொன்னான். ஜேபஸும் அதையே சொன்னான். சமயோசித புத்தி என்று அவனைப் பாராட்டி ஒரு காகிதம் வந்தது. அதை யாரிடமும் அவன் காட்டவில்லை.

பதினேழு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசல்வரை வந்து இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாம் முறை உள்ளே நுழைந்தான். டான்சியின் இரண்டு கைகளும் முழங்கைவரை கட்டுக்குள் இருந்தன. புருவம் இல்லை.

"நான் தட்டினது கேட்டுச்சா?"

வழியெல்லாம் ஜேபஸ் பயந்து வந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான். இரும்பு கனம், பீரங்கிச் சத்தம், ஒன்றும் கேட்கவில்லை என்று பதிலும் தயார் செய்து வைத்திருந்தான்.

"கேட்டுச்சு."

"கத்துனதும்?"

"கேட்டுச்சு, வில்ஃப். பயமா இருந்துச்சு."

டான்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜேபஸ் எழுந்து தொப்பியை எடுத்தான்.

"கேக்கலன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றான் டான்சி, திரும்பாமலே. பிறகு, "அந்த டீ ஆறுது. நர்ஸ் வர நேரமாகும். புடி."

ஜேபஸ் கோப்பையை அவன் வாயருகே கொண்டுபோனான். கோப்பை சட்டென்று சாய்ந்து, பாதி டீ டான்சியின் மார்பில் கொட்டியது.

"மெதுவா, பாதிரி" என்றான் டான்சி. "ஏற்கெனவே வெந்தது போதும்."

மீதிப் பாதியை அவன் குடித்து முடிக்கும்வரை ஜேபஸ் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.