டிரம் கழற்றிய கொக்கி

மூணாம் கிளாசோடு படிப்பை விட்டவன் நான். சைக்கிள் செயினில் ஆயில் ஃபில்டர் கழற்றும் பிடி செய்தேன். கட்டில் சட்டத்தில் வால்வ் ஸ்பிரிங் அமுக்கும் கருவி செய்தேன். சுள்ளிக்கலில் சொந்த ஒர்க்‌ஷாப்பும் போட்டேன்.

நேற்று மகன் அங்கே சுவரில், சக்கர டிரம்மை இழுத்தெடுக்கும் பழைய புல்லரை மாட்டி, ‘வாப்பப்பா செய்தது’ என்று அட்டை வைத்திருந்தான். என் வாப்பாவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். பார்த்ததும் மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கை ஒட்டியிருந்த வாப்பாவின் ஷெட்டு கண்முன் வந்துவிட்டது.

அன்று கல்யாணப்பெண் போகவேண்டிய அம்பாசிடரின் டிரம், உப்புக்காற்றில் துருவேறிக் கழலவில்லை. வாப்பாவின் புல்லருக்கு நேரான கால்கள், வழுக்கிக்கொண்டே இருந்தன.

“இக்கா, பொண்ணை நடத்தியே கூட்டிப் போகவா?” என்றான் டிரைவர்.

“கால் வளைஞ்சிருக்கணும் வாப்பா, மூட்டைக் கொக்கி மாதிரி” என்றேன். எனக்குப் பத்து வயசு.

“நீ போய் சாயா வாங்கிட்டு வா.”

நான் கிடங்கில் மூட்டை தூக்கும் மாமாவிடம் இரண்டு கொக்கி வாங்கி வந்தேன். வாப்பா முறைத்தார், ஆனாலும் கால்களில் வைத்து வெல்டு அடித்தார். கொக்கியில் ஒட்டியிருந்த சுக்குத்தூள் சூட்டில் மணந்தது. புல்லரை மாட்டி அதன் நடு போல்ட்டை முறுக்கினார். டங்கென்று டிரம் கையோடு வந்தது.

“நான் அப்பவே நினைச்சேன்” என்றார் டிரைவரிடம். என்னிடம், “சாயா எங்கடா?”

மகனே, வாப்பப்பா பேரை அழிக்காதே. புல்லர் அவருடையதுதான். கொக்கி என்னோடது. அந்த அட்டையில் என் பேரையும் எழுது.