மாமா குரலில் ஓடிய சைக்கிள்

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். மாங்காய் லோடு அடிக்கும் லாரியில் கிளீனர் வேலை. லாரி ரிவர்ஸ் வரும்போது பின்னால் நின்று "ரானி, ரானி... லெப்ட் கொட்டு" என்று தெலுங்கில் கூவுவார். வரட்டும் வரட்டும், இடது பக்கம் ஒடி என்று அர்த்தம். டிரைவர் அந்தக் குரலை நம்பித்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவார். இப்படிப்பட்டவர்தான் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க வாய்த்தார்.

ஏழாவது வரை ஊரிலேயே படித்துவிட்டேன். எட்டாவதுக்குப் புத்தூர் போக வேண்டும், பஸ்ஸோ அதன் இஷ்டத்துக்கு வரும். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கி வந்து நிறுத்தினார். ஸ்கூல் திறப்பதற்குள் ஓட்டிப் பழகினால் வீட்டிலிருந்தே போகலாம், இல்லையென்றால் திருப்பதியில் ஹாஸ்டல் என்று சொல்லிவிட்டார். அம்மாவின் முந்தானையைப் பிடிக்காமல் தூக்கம் வராத பெரிய மனுஷி நான்.

மாமா ஏரிக்கரைப் பாதையில் என் பின்னாலேயே ஓடி வந்தார். வாய் ஓயவே இல்லை. லெப்ட் கொட்டு என்றால் ஹேண்டிலை இடது பக்கம் ஒடிப்பேன், ரைட் கொட்டு என்றால் வலது பக்கம். பள்ளம், கல், எதிரே வரும் மாடு எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார். ஒரு தடவைகூட விழவில்லை. நான் பிறவியிலேயே சைக்கிள்காரி என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து மாமா லோடோடு சித்தூர் போய்விட்டார். மாங்கூழ் பேக்டரி வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் சீக்கிரத்தில் திரும்ப முடியவில்லை. ஒரு சாயங்காலம் நைனா, எங்கே ஓட்டிக் காட்டு பார்க்கலாம் என்றார். ஜம்மென்று ஏறினேன். சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தது. எந்தப் பக்கம் என்று பின்னாலிருந்து யாரும் சொல்லவில்லை. நானும் சொல்வார்கள் என்று காத்துக்கொண்டே போய், பறித்துக் குவித்திருந்த மாங்காய்க் குவியலில் நேராக ஏறி விழுந்தேன். நைனா திட்டக்கூட இல்லை. உள்ளே போய், திங்கட்கிழமை திருப்பதிக்குக் கிளம்பணும், துணியெல்லாம் எடுத்து வை என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மாவோ பெட்டியைத் தொடவே இல்லை. மாமா வந்து இறங்கியதும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் அழைத்துப்போய் ஏதோ பேசினாள். மறுநாள் காலையில் மாமா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். சித்தூரில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதாம். நேரம் பார்த்துக் கட்டிக்கொண்டதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏரிக்கரையில் என் பின்னால் அவர் ஓடிவரும் சத்தம் மட்டும் கேட்டது. லெப்டா ரைட்டா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். தடாலென்று விழுந்தேன். முட்டி தேய்ந்துவிட்டது. மாமா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தி, காற்றுக் குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எந்தப் பக்கம் சாஞ்ச, பாப்பா?"

எனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வேண்டியவர் அவரல்லவா? மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். மறுபடியும் அதே கேள்வி. அவர் கேட்கப்போகிறாரே என்பதற்காகவே, விழுகிற பக்கத்தை விழும்போதே கவனிக்க ஆரம்பித்தேன். அப்புறம் விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்தது. இடுப்பில் ஒரு கனம் சரியும், கை தானாக அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பும், சைக்கிள் நிமிர்ந்துகொள்ளும். வெயில் ஏறுவதற்குள் ஏரிக்கரையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தேன். மத்தியானம் நைனா முன்னால் தெருவைச் சுற்றிக் காட்டினேன். ஹாஸ்டல் பேச்சு அதோடு நின்றது.

அன்று சாயங்காலமே லாரி லோடு ஏற்ற வந்தது. தெருமுனையிலிருந்து "ரானி, ரானி" என்ற குரல் வீட்டுச் சுவரே அதிர வந்தது. அதில் கரகரப்பு என்று மருந்துக்கும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. லாரிக்கு இருக்கிற குரல் எனக்கு இல்லையா? நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டு விழுந்தபோது வேடிக்கை பார்த்தாரா? அம்மாவிடம் ஓடிப்போய், உன் தம்பி என்னை ஏமாத்திட்டாரு, அவருக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்குது என்று கத்தினேன்.

அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் பின்னாடி ஓடினப்போ அவன் வாயில வெச்சுக்கினு இருந்த துண்டு கொடியில காயுது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். புதுத் துண்டு. ஒரு முனை முழுக்கப் பல் பட்டு நைந்து நார் நாராகத் தொங்கியது. தொண்டை நன்றாக இருக்கிற மனுஷர் எதற்குத் துண்டைக் கடிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. நல்ல துண்டைப் பாழாக்கிவிட்டாரே, அம்மா இதற்காகவாவது அவரை நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.