சந்தனம் வைத்த டிக்கி

டிக்கிப் பூட்டு ரிப்பேர்காரனை யாரும் எடுத்தவுடன் கூப்பிடுவதில்லை. ஸ்க்ரூடிரைவர், கொண்டை ஊசி, ஆணி எல்லாம் விட்டு நோண்டிப் பார்த்துவிட்டு, "கையே வைக்கலப்பா" என்று சத்தியம் பண்ணிக்கொண்டுதான் வருவார்கள். பழைய கார் வைத்துக்கொண்டு அல்லாடிய புண்ணியவான்களே, உங்களைத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அறுபதுகளில் தாராவியில், சயான் ரோட்டை ஒட்டி, எனக்கு ஒரு தகர ஷெட் இருந்தது. அங்கே நான் திறந்த டிக்கிகளில் பாதி ஒரே காருடையது.

பூட்டுக்குள் பூஜை

அந்தக் கார் மாட்டுங்கா விசுவநாதன் சாருடையது. முப்பத்தெட்டு மாடல். சுதந்திரம் வந்ததும் மூட்டை கட்டிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் சல்லிசாக வாங்கியது. பின்னால் பெட்டி மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் டிக்கி. மேல்பக்கம் மூடி, மூடிக்குக் கீழே சாவித் துவாரம். தன் ஒரே பெண் லலிதா இந்தக் காரில்தான் கல்யாண மண்டபத்தில் வந்து இறங்க வேண்டும் என்று சாருக்கு ஆசை. அதை எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார்.

முதல் தடவை என்னைக் கூப்பிட்டது ஆயுத பூஜைக்கு மூன்றாம் நாள். பூட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே முழுக்க சந்தனம். வருஷா வருஷம் சாவித் துவாரத்துக்கு நேராக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். சார் பக்தியாக வைத்து வந்திருக்கிறார். காய்ந்து காய்ந்து கல்லாகியிருந்தது. சுரண்டி எடுத்ததை நான் பேப்பரில் கொட்டிக் காட்டினேன். மகா தப்பு பண்ணிவிட்டேன். அதுவரை வாசலில் சும்மா நின்றிருந்த சாரின் சம்சாரம், மாமி, இறங்கி வந்து, பேப்பரையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இந்த டிக்கி மாட்டிண்டா, காரை வித்துடணும். இவன்தான் சாட்சி."

கால் கடுக்கிறது

சந்தனம் போனாலும் வயசு போகுமா? கொக்கி தேய்ந்திருந்தது. மூடியை ஒருத்தர் பலமாக அமுக்க, இன்னொருத்தர் சாவியைத் திருப்பினால்தான் திறக்கும். அதை சாருக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தேன். சார் ஒல்லி, அவர் அமுக்கினால் மூடிக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் கனமான ஆள் மாமி ஒருத்தர்தான். அவரிடம் போய் எப்படிக் கேட்பது?

மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு இரண்டு பேரும் டிக்கியருகே நிற்பதை ஒருநாள் பார்த்தேன். சார் என்றைக்கும் இல்லாத கரிசனத்தோடு, "கால் கடுக்கும், இதும்மேலே கொஞ்சம் சாஞ்சுக்கோயேன்" என்றார். மாமி முகம் மலர்ந்துபோய் இரண்டு கையையும் ஊன்றி நன்றாகச் சாய்ந்தார். சார் குனிந்து சாவியைத் திருப்பினார். டக்கென்று விட்டுக்கொண்டது. நான் வெற்றிலைக் கடைக்குப் பின்னால் போய் நின்று வயிறு குலுங்கச் சிரித்தேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷத்திலே, இன்னிக்குத்தான் என் கால் உங்க கண்ணுலே பட்டுதா?"

நுரைத்த கேஸ்

லலிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, செம்பூரில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு அரைத்து வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறார் சார். டிக்கி மாட்டிக்கொண்டது. மாமியிடம் சொன்னால் கார் போய்விடும். தங்கை அரைத்துத் தரவில்லை என்று பழியை அங்கே போட்டுவிட்டார். மே மாச வெயில். இரண்டு நாள் மாவு உள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள் என் ஷெட்டுக்குக் கிளம்பினவரை சயானில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். டிக்கியிலிருந்து புளித்த வாடை, டிக்கியோ திறக்க மாட்டேன் என்கிறது, கார் போகிற இடம் கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன தாராவி. வேறென்ன வேண்டும்?

போலீஸ்காரர் முன் சீட்டில் உட்கார்ந்தே வந்து இறங்கினார். எங்கள் சந்தில் கதவுகள் படபடவென்று மூடிக்கொண்டன. நான் அமுக்கினேன், சார் திருப்பினார். மூடி எழும்பியதும் தூக்கின் வாயிலிருந்து மாவு புஸ்ஸென்று பொங்கி, குனிந்து மோப்பம் பிடித்தவரின் மீசை வரைக்கும் தெறித்தது. துடைத்துக்கொண்டு, இன்னும் பொங்கிக்கொண்டிருந்த மாவை எட்டிப் பார்த்தார். பிறகு இந்தியில் அவர் சொன்னது இதுதான்:

"சாராயமா இருந்தா கேஸ் எழுதலாம். இதுக்கு உசிர் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

முகூர்த்தத்துக்கு அரை மணி

மாவு இல்லாமலே மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கல்யாணத்தன்று காலையில் ஆள் ஓடி வந்தான். கூறைப்புடவையும் திருமாங்கல்யமும் டிக்கிக்குள்ளே, டிக்கி திறக்கவில்லை. பம்பாயில் திருடன் திறக்க முடியாத பெட்டி இது ஒன்றுதான் என்று முந்தின நாள் சாயங்காலமே சார் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். பெண்ணை அதே காரில் கொண்டுவந்து ஜம்மென்று இறக்கியும் ஆயிற்று. நான் போய்ப் பார்த்தால் மண்டப வாசலில், பட்டு வேஷ்டியோடு, பேய் அறைந்த மாதிரி நிற்கிறார். சம்பந்தி வீட்டார் ஒருவர் கடப்பாரை கொண்டு வரச் சொன்னார். சார் டிக்கியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். எனக்கே அழுகை வந்துவிட்டது.

குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தேன். உள்ளே சந்தனம்! மேலே குங்குமம். முந்தின நாள் வைத்தது, இறுகியிருந்தது. சார் தலையில் அடித்து, தான் வைக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். சமையல்காரரிடம் கொதிக்கிற வெந்நீர் வாங்கி, என் எண்ணெய்க் கேனைக் கழுவி அதில் ஊற்றி, துவாரத்துக்குள் பீய்ச்சினேன். மஞ்சளாய் வழிந்தது. நாலு கேன் ஆனபிறகு சாவி உள்ளே இறங்கியது. இனி அமுக்க வேண்டும். கொக்கி இன்னும் தேய்ந்துபோய், இந்தத் தடவை என் கனமும் போதவில்லை. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமி வந்தார். யாரும் சொல்லாமலே மூடிமேல் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து, சாரைப் பார்த்து, "ம், திருப்புங்கோ. கால் கடுக்கறது" என்றார். டக். மூடி திறந்தது. மேளக்காரரைப் பார்த்து யாரோ கையசைத்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் மாமியை ஓரமாகப் பார்த்து, நான் சாட்சியாயிற்றே, காரை விற்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் விரலில் அப்போதும் சந்தனக் கறை இருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு ஏறப்போற வண்டியாச்சேன்னு நான்தான் பொட்டு வெச்சேன். டிக்கி மாட்டிண்டாத்தானே விக்கறதுன்னு பேச்சு? இன்னிக்கு மாட்டிண்டது என் சந்தனத்தாலே. அது கணக்குலே சேராது."

டிக்கி எதனால் மாட்டிக்கொண்டது என்று வாயைத் திறப்பதற்கு முன்னால், வைத்தது யார் கை என்று பார்த்துக்கொள்பவன்தான் இந்தத் தொழிலில் நல்ல பேரோடு பிழைக்க முடியும்.