மாமனாரின் விரதமும் நல்ல கிருமி மாத்திரையும்

சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைச் சாப்பிட்டதிலிருந்து என் மாமனாருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வயதான உடம்பு, பாதியாகிவிட்டது. எஸ்டேட் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டி விரதத்தில் வேறு இருந்தார். நிற்க முடியாதவர் குடம் எப்படித் தூக்குவார்?

பக்கத்து டவுனான தஞ்சோங் காராங்கில், மருந்துக்கடையில் என் வீட்டுக்காரர் விவரம் சொல்லிக் கேட்டார். அந்த மருந்து வயிற்றிலுள்ள நல்ல கிருமியையும் கொன்றிருக்கும், இது திரும்ப வளர்க்கும் என்று ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார்கள். ஹலால் முத்திரை இருந்தது. பன்றி இல்லை என்ற நிம்மதியில் வாங்கிவந்தோம். சில நாளில் வயிறு கட்டியது. அம்மன் கண் திறந்தாள் என்று விளக்கேற்றினேன்.

திருவிழா நெருங்கியபோது ரவாங்கிலிருந்து கொழுந்தன் வந்தார். டப்பாவைத் திருப்பிப் படித்தார்.

"அண்ணே, இந்த மாத்திரைக் கூடு மாட்டுத் தோல்ல செஞ்சது. விரதக்காரருக்கு மாட்டைக் குடுத்திருக்க."

"ஹலால் போட்டிருக்குடா."

"பன்னி இல்லன்னா மாடுதான்லா, மடையா!"

"அப்பா பீத்துணிய ஒருநாள் அலசியிருக்கியா? டப்பா படிக்க வந்துட்டான்."

கொழுந்தன் விட்ட குத்தில் என் வீட்டுக்காரர் மூக்கு உடைந்தது. இவர் நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் இறக்கினார். கட்டிப் புரண்டார்கள். வீட்டுச் சாமி மேடை சரிந்ததில் குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. "முருகா, முருகா" என்று கத்தினேன்.

மாமனார் எல்லாம் கேட்டுவிட்டார். கிணற்றடியில் குந்தி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுத்தார். பச்சைப் பித்தம் வந்தும் விடவில்லை. கையைப் பிடித்த என்னை உதறித் தள்ளினார். பிறகு தள்ளாடி வந்து மகன்களுக்கு நடுவில் புகுந்தார். யாருடைய முழங்கையோ வாயில் பட்டு, உதடு கிழிந்து, நிலைப்படியில் விழுந்தார்.

அப்போதுதான் இருவரும் ஓய்ந்தார்கள்.

அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். அழுவார் என்று நினைத்தேன். ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார்.

"இனிமே எவனாவது கை ஓங்கினா எனக்குக் கொள்ளி வைக்க வரவேணாம். போங்க, மேடைய நிமித்துங்க."

மாத்திரையை நீட்ட எனக்குத் துணிவில்லை. "பால்குடம் மாமா?" என்றேன்.

"தீட்டோட எடுக்க முடியாது. ஆத்தாகிட்ட அடுத்த வருசத்துக்குத் தவணை கேட்டுக்கறேன். அதுவரைக்கும் உசுரு இருக்கணும்ல? அந்த நல்ல கிருமி வீட்டுத் தயிர்லயும் இருக்கும், மோர் கரைச்சு ஊத்தும்மா."

உதடு எரிய எரிய, ஒரு செம்பு முழுக்கக் குடித்தார்.