முடிக்காமல் வைத்திருந்த விளையாட்டு

கணவர் இறந்தபின் திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் நான் மட்டும்தான். தினமும் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறேன். ஒருநாள் எதிர் இருக்கைப் பெண் செல்போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கெட்ட செய்தியோ என்று விசாரித்தேன்.

"ஐயோ, கேம்தான்க்கா! சுடுறது, ஓடுறது எதுவும் கெடையாது. கதையப் படிக்கணும். நடுவுல நாம என்ன பதில் சொல்றமோ அதுக்கேத்த மாதிரி கதை போவும். நீங்களும் ஆடிப் பாருங்க" என்று ஒரு டீக்கடைக் கதையை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

அதில் கடைக்காரி நான். வருகிறவர்களின் கவலைகளைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் முதல், ரயில் ஆலப்பாக்கம் தாண்டியதும், "நேத்து யாருக்குக்கா என்ன சொன்னீங்க?" என்பாள். சிதம்பரம் வரை பேசுவோம். பெரும்பாலும் அன்றைக்கு நான் பேசும் பேச்சே அதுதான். அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று, மாத்திரை போடுவதுபோல் தினம் ஒரு வாடிக்கையாளரோடு நிறுத்திக்கொண்டேன். கதையின் கடைசி ஆள் வந்ததும் அவரைக் கடை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு, பழைய பதில்களை மாற்றி மாற்றி ஆடி, புதிதுபோல் அவளிடம் சொல்லிவந்தேன்.

ஒரு காலை அவள் சிரித்தாள். "அக்கா, அது ஒரே ஞாயித்துக்கெழமையில ஆடி முடிச்சிடுற கதை."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் என் கையைத் தொட்டாள். "முடிச்சிடுங்கக்கா. கதை தீந்தாலும் நான் இந்தப் பெட்டியிலதான வரப்போறேன்?"

அன்று மாலை கடைசி ஆளை உள்ளே அழைத்தேன். அவர் பேசிவிட்டுப் போனதும் கடை விளக்கு அணைந்தது. வீடு எப்போதும்போல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால், காலையில் அவளிடம் என்ன சொல்வது என்று எதையும் தயார் செய்யாமல் படுத்துத் தூங்கினேன்.