மழை லீவும் மதுரை ஊஞ்சலும்

பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் டிரைவருக்கு உண்மையான முதலாளி வெயில்தான். அது அடித்தால் ஓட வேண்டும், அது படுத்தால் நாமும் படுக்க வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிப்போய் நொந்து நூலாகித் திரும்பிய பெரியோர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும். ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து தினமும் பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டு போய் சிவகாசியில் இறக்குகிறேன். அதில் செல்வி என்றொரு பெண். அவள் மகள் காவ்யா இரண்டாம் வகுப்பு. மதுரைப் பார்க்கில் பெரிய ஊஞ்சல் இருக்கிறது என்று எவளோ ஒரு தோழி சொல்லிவிட்டாள். போச்சா! அந்த ஊஞ்சலில் ஆட வேண்டும், அம்மாதான் ஆட்டிவிட வேண்டும் என்று பிள்ளை ஒரே பிடி.

ஞாயிற்றுக்கிழமை வேன் இருக்கன்குடி கோயில் சவாரிக்குப் போய்விடும். மற்ற நாளில் அம்மா கம்பெனியில், பிள்ளை பள்ளிக்கூடத்தில். நான், அம்மா, பிள்ளை மூன்று பேரும் சும்மா இருப்பது மழை நாளில்தான். மழை என்றால் பட்டாசு மருந்து காயாது, இடி இடித்தால் ஷெட்டுக்குள் ஆளையே விடமாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டுவிடுவார்கள். ஊர் உலகம் மழை வந்தால் பார்க்கை ரத்து பண்ணும். நாங்கள் மழை வந்தால்தான் கிளம்பவே முடியும். "கட்டாயம் கூட்டிட்டுப் போறேன் தாயி" என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன்.

பூட்டு

சேதி வேனுக்குள் பரவிவிட்டது, முதல் மழைக்கு ஏழு பெண்களும் பதினோரு பிள்ளைகளும் ஏறினார்கள். ஒரு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு. வழியெல்லாம் பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் ஹாரன் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மதுரையில் போய் இறங்கினால் பார்க் கேட்டில் இம்புட்டுப் பெரிய பூட்டு.

உள்ளே குடை பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் நின்றார். "அம்பது கிலோமீட்டர் வந்திருக்கோம், மழை லீவுன்னுதான் வந்தோம்" என்று நியாயம் பேசினேன். அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழைன்னுதாங்க நாங்க பூட்டிருக்கோம், மழைன்னு நீங்க வந்திருக்கீங்களா?" என்றார்.

வேனுக்குள்ளேயே புளிச்சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். ஆனால் அவருடைய போன் நம்பரை வாங்காமல் நான் நகரவில்லை.

கள்ளிக்குடி வரைக்கும்

அடுத்த மழைக்கு வாட்ச்மேனிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். பாதி வழி, கள்ளிக்குடிகூடத் தாண்டவில்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. உடனே செல்விக்குப் போர்மேனிடமிருந்து போன். ஆர்டர் நிற்கிறதாம், மதியத்துக்கு மேல் வேலை உண்டாம், எல்லாரும் வந்துவிட வேண்டுமாம். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். தீபாவளி சீசன் நேரம், மாட்டேன் என்று யாரால் சொல்ல முடியும்?

வண்டியைத் திருப்பினேன். வந்த கோபத்தில் சூரியனை என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. காவ்யா அழவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். "அம்மா போனை எடுக்காம இருந்திருந்தா வெயில் அடிச்சிருக்காதுல்ல மாமா?" என்று கேட்டாள்.

செருப்பு

மூன்றாவது தடவை விடுவதாக இல்லை. காலையிலேயே போர்மேன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "இன்னைக்கு வேலை உண்டா, இல்லையா? இப்பவே சொல்லிருங்க" என்றேன். அவர் வானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். முழு லீவு என்றார். மதுரையில் வெறும் தூறல்தான், கேட் திறந்திருக்கிறது என்று வாட்ச்மேனும் சொன்னார்.

கேட்டில் இறங்கியதும் ஏழு பெண்களும் வரிசையாகச் செருப்பைக் கழற்றினார்கள். போனை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கி வேன் டப்பாவில் போட்டுப் பூட்டினேன். கம்பெனி கேட்டில் தினமும் செய்கிறதுதானே, தீப்பொறிக்குப் பயந்து அங்கே போனும் செருப்பும் உள்ளே போகக் கூடாது. எங்களில் ஒருவருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வாட்ச்மேன்தான் ஓடி வந்தார். "அம்மா, செருப்பைப் போட்டுக்கங்க, உள்ள சாமி எதுவும் இல்ல!" என்றார்.

டமால்

பிள்ளைகள் சறுக்கில் சறுக்குவதும் சேற்றில் விழுவதுமாக இருந்தார்கள். கேட் பக்கம் டமால் என்று ஒரு சத்தம். ஏழு பெண்களும் சட்டென்று எழுந்து நின்றார்கள். மரங்களுக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். கை தானாக இடுப்புக்குப் போனது, போன் இல்லை. இரண்டு பேர் வேனைப் பார்த்து ஓடினார்கள். எங்கள் பிள்ளைகளும் போட்ட கூச்சலை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள்.

ஒரு மதுரைக்கார அம்மா கையில் கிழிந்த பலூனோடு பதறிப்போய் வந்தார். "பலூன்தாங்க வெடிச்சுச்சு, எதுக்கு இப்படிப் பயப்படுறீங்க?" என்றார். செல்வி சேலையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். "பயம் இல்லக்கா, பழக்கம்" என்றாள்.

ஊஞ்சல்

ஊஞ்சல் பலகை ஈரம். என் தோள் துண்டால் நானே துடைத்துவிட்டேன். காவ்யா ஏறினாள், செல்வி ஆட்டினாள். மகள் மேலே போகப் போக அம்மாவும் சேர்ந்து கத்திச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளை இறங்கி, "இப்ப நீ ஏறும்மா, நான் ஆட்டுறேன்" என்றது. அவள் கூச்சப்பட்டுக்கொண்டே ஏறினாள்.

உடனே விசில்! பன்னிரண்டு வயதுக்கு மேல் ஏறக் கூடாது என்று வாட்ச்மேன் போர்டைக் காட்டினார். செல்வி இறங்கப் போனாள். நான் வாயைத் திறப்பதற்குள் காவ்யா முந்திக்கொண்டாள். "பன்னெண்டு வயசுல எங்கம்மா வீட்ல தீப்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம் தாத்தா, அதான் அப்ப வரல" என்றாள்.

அவர் போர்டைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நான் அந்தப் பக்கம் ஒரு சுத்துப் போயிட்டு வர்றேன், நல்லா வேகமா ஆட்டு தாயி" என்றார்.

இப்போதெல்லாம் வானம் கறுத்தால் ஊரே குடையைத் தேடுகிறது, என் வீட்டு வாசலில் மட்டும் பதினோரு பிள்ளைகளும் ஏழு தாய்மார்களும் தூக்குவாளியோடு வந்து நிற்கிறார்கள்.