ஜைனபு டீச்சரின் இரண்டு கப்பல்கள்

சென்ற வாரம் பள்ளி விடும் நேரத்தில் இக்பால் வாசலில் நின்றிருந்தார். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஜைனபு டீச்சரின் ஒரே மகன். கடையை விட்டு அந்த நேரத்தில் வருகிறவர் அல்லர். கையில் தந்தி இருந்தது.

"பம்பாய்லேர்ந்து மாமா அடிச்சிகீறாரு டீச்சர். கப்பல் வந்துட்ச்சாம். அம்மா வர்ல. நடுக்கடல்லயே மௌத்தாயிட்டாங்க" என்றார்.

ஹஜ்ஜை முடித்துத் திரும்பும் வழியில் இறந்திருக்கிறார். உடலையும் கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊர் திரும்பியதும் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

எங்கள் பெண்கள் பள்ளியில் ஜைனபு அக்கா தையல் ஆசிரியை, நான் தமிழ். பாவாடை மடிப்பு ஒரு நூல் கோணினால்கூடப் பிரிக்கச் சொல்வார், ஆனால் பிரிப்பதற்குத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பிறந்தது மகாபலிபுரத்துக்கு வடக்கே கோவளத்தில். கடலோரத்தில் வளர்ந்தவர்தான், ஆனால் எந்த வண்டியும் அவர் வயிற்றுக்கு ஆகாது. பள்ளிப் பிள்ளைகளை மகாபலிபுரத்துக்கு அழைத்துப் போகும்போது, பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே கொண்டுபோய்விடுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் தலையை நீட்டுவார்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொன்னார். தம்பி காதர் துணைக்கு வருகிறார். அவர்கள் சேமிப்புக்குக் கட்டுப்படியாவது கப்பல்தான். நாட்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். இக்பால் ஒரேயடியாக மறுத்துவிட்டார். கணவர் இறந்தபின் தையல் மிஷினை வைத்துத் தன்னை ஆளாக்கிய அம்மாவை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. அதைச் சொல்லத் தெரியாமல் கத்தினார்.

"பஸ்லயே வாந்தி எடுக்கற. ஒரு ராத்திரி கப்பல்ல தாங்குவியா நீ? தாங்கிட்டு வா, அப்பறம் பேசலாம்."

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அக்கா அதை நிபந்தனையாகவே எடுத்துக்கொண்டார். என் தங்கை பம்பாயில் இருக்கிறாள். அங்கிருந்து கோவாவுக்கு ஒரு கப்பல் போகிறது, காலையில் ஏறினால் மறுநாள் காலை இறக்கிவிடும் என்று எப்போதோ நான் சொல்லியிருந்தேன். அது போதாதா. "நீயும் வரணும் சரோஜா. சாட்சி வேணும்" என்றார்.

இக்பால் அன்று எங்கள் இருவர் மீதும் பாய்ந்தார். "கோவாவா? இந்த வயசுல ரெண்டு பேரும் கோவா போறீங்கன்னு தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்மா."

"அது டிக்கெட் இல்லாம ஏறிடும். எனக்குத்தான்டா டிக்கெட் எடுக்கணும்" என்றார் அக்கா.

இருப்பதிலேயே மலிவான கேபினில் இடம் எடுத்தோம். நாலு படுக்கைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. யாரோடு படுக்கிறோம் என்று உள்ளே போனால்தான் தெரியும். எங்களோடு வந்தவர்கள் ஒரு மராத்திப் பெண்ணும், கோவாக்காரக் கிழவி ஒருவரும். அக்காவுக்கு விழுந்தது மேல் படுக்கை. மூட்டு வலிக்காரர், இரும்பு ஏணியை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நான் என் கீழ் படுக்கையைக் கொடுக்க வாய் திறப்பதற்குள், அவரைவிட மூத்த அந்தக் கோவா அம்மாள் தன் படுக்கையைத் தட்டிக் காட்டிவிட்டு மளமளவென்று மேலே ஏறிவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பொழுது சாய்வதற்கு முன்பே அக்கா படுத்துவிட்டார். வயிற்றில் இருந்ததெல்லாம் வந்து, இல்லாததும் வந்தது. எண்ணெய் வாடை வேறு. ஒவ்வொரு முறையும் கோவா அம்மாள் கீழே இறங்கித் தகரப் பேசினைப் பிடித்தார். மராத்திப் பெண் நெற்றியைத் தாங்கினாள். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. "பேஜாரு குடுக்கறேன் பாரு இவங்களுக்கு" என்று அக்கா என்னிடம் அழுதார். நானோ, இனி இவரை இக்பால் எங்கே விடப்போகிறார் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

விடியலில் சற்றுத் தெளிந்து, சுபுஹு தொழ எழுந்தார். "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கரை இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம் என்று கை காட்டினேன். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று நிதானமாகத் தொழுதார். கோவளத்தில் அதுதானே வழக்கம். கடலுக்கு முதுகைக் காட்டினால் மேற்கு, மக்காவை நோக்கிய கிப்லா அந்தத் திசை. அதற்காக யாரும் யோசித்ததே இல்லை.

பிறகு கைத்தாங்கலாக அவரை மேல்தளத்துக்கு அழைத்துப் போனேன். கோவாக் கரையின் மலைகளுக்கு மேலே, அவர் முகம் வைத்துத் தொழுத அதே திசையில், சூரியன் வந்துகொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி, இந்தக் கடல் மேக்காலல்ல கீது. நான் சூரியனப் பாத்துல்ல தொழுதுகினு இருந்திருக்கேன்."

அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் ஏறியபின் சரியான பக்கம் திரும்பி மறுபடி தொழுதார்.

ஊர் வந்து சேர்ந்ததும் சாட்சி சொல்ல எனக்கு வேலையே வைக்கவில்லை. வாந்தியையும் சொன்னார், திசை மாறித் தொழுததையும் அவரே சொன்னார். இக்பால் தலையில் அடித்துக்கொண்டார்.

"கிப்லா எந்தப் பக்கம்னு தெரியாம தொழுதுட்டு வந்துகீற. நீ மக்காவுக்குப் போயி இன்னாம்மா பண்ணுவ?"

"அங்க போயிட்டா நாலு பக்கத்துலேர்ந்தும் அந்தக் கிப்லாவையே பாத்துதானேடா நிப்பாங்க. எனக்குத் தப்பு வரவே வராது."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போன இக்பால் திரும்பி வந்து, "எப்போ மனு போடணும்?" என்று கேட்டார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்திய அழுத்தம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

தந்தி வந்த மூன்றாம் நாள் காதர் ஊர் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் வீடு நிறைய இருந்தார்கள். இக்பால் என்னைக் கண்டதும் அருகே வந்து உட்கார்ந்தார். "நான் வேணாம்னே சொல்லியிருக்கணும் டீச்சர். நானே அனுப்பிட்டேன். மூணு புடி மண்ணு போடக்கூட ஒரு இடமில்ல" என்றார். 

காதர்தான் பேசினார். பெண்கள் கேபினில் அக்காவோடு ஆறு பேர் இருந்தார்களாம். விடியலில் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. கூட இருந்தவர்களே குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றிக் கபனிட்டிருக்கிறார்கள். மேல்தளம் நிறையப் பேர் நின்று, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை தொழுதிருக்கிறார்கள். கப்பலின் வேகத்தைக் குறைத்து, மெதுவாகக் கடலில் இறக்கியிருக்கிறார்கள்.

"மொத நாளு சாயங்காலம் என்னைக் கூப்ட்டு அனுப்பிச்சிது" என்றார் காதர். "ரொம்ப சந்தோசமா இருந்திச்சி. வூட்டுக்குப் போனதும் இக்பால் கிட்ட நீதான்டா சொல்லணும், நான் சொன்னா நம்பமாட்டான்னிச்சி."

"இன்னா மாமா சொல்லச் சொன்னாங்க?"

"போம்போது கஷ்டந்தான்டா. திரும்பி வரும்போது எனக்கு ஒரு வாட்டிகூட வாந்தி வர்லன்னு சொல்லுன்னிச்சி."

அதுவரை அழாதிருந்த இக்பால், சிறுபிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

அக்கா, சாட்சிக்கு நான் வராத பயணத்தையும் நன்றாகவே முடித்துவிட்டீர்கள். உங்கள் மகன் நம்பிவிட்டார். நிம்மதியாகத் தூங்குங்கள்.